மொஹரம் பத்தாம் நாள்: ஒருவர் நோன்பு, இன்னொருவர் கறுப்பு உடை. சுன்னி, ஷியா, இபாதி, இவர்களுக்குள் எது பொது, எது வேறு?

கேட்டவர்: மனாமாவில் ஒருவன்

பஹ்ரைனில் மனாமாவில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன், வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. சொந்த ஊர் விருதுநகர் பக்கம், இந்துக் குடும்பம். ஊரில் கூடப் படித்த பாய் பையன்கள் எல்லோரும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தார்கள். நோன்புக் கஞ்சி, பெருநாள் பிரியாணி, வெள்ளிக்கிழமை தொழுகை, அதற்கு மேல் நான் எதையும் கேட்டதும் இல்லை.

இங்கே என் பிரிவில் மூன்று பேர் இருக்கிறார்கள். பஹ்ரைன்காரர் ஒருவர் எனக்கு சீனியர், எகிப்துக்காரர் ஒருவர், மஸ்கட்டிலிருந்து மாற்றலாகி வந்த ஓமானி ஒருவர். மூவரும் என்னிடம் நன்றாகப் பழகுகிறவர்கள். போன மொஹரத்தின்போது ஊரில் செய்கிற பழக்கத்தில் "மொஹரம் வாழ்த்துகள்" என்று பூப்போட்ட ஒரு படத்தை மூவருக்கும் அனுப்பினேன். சீனியரிடமிருந்து பதிலே இல்லை. எகிப்துக்காரர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நான் நாளைக்கு நோன்பு வைக்கிறேன், ஆனால் அவருக்கு இது துக்க நாள், வாழ்த்து சொல்லக் கூடாது என்றார். எனக்கு மிகவும் சங்கடமாகப் போய்விட்டது. ஒரே மதம், ஒரே தேதி, ஒருவருக்கு நோன்பு, ஒருவருக்கு துக்கம் என்றால் எப்படி?

அதற்குப் பிறகுதான் கவனிக்க ஆரம்பித்தேன். அலுவலகத் தொழுகை அறையில் எகிப்துக்காரர் கையைக் கட்டித் தொழுகிறார். சீனியர் கையைத் தொங்கவிட்டுத் தொழுகிறார், நெற்றி படுகிற இடத்தில் சின்னதாக ஒரு மண் வில்லை வைக்கிறார். ஓமானியும் கையைத் தொங்கவிடுகிறார், ஆனால் மண் வில்லை கிடையாது. அப்படியானால் அவர் யார்? இணையத்தில் தேடினால் ஒருவரை ஒருவர் திட்டுகிற வீடியோக்கள்தான் வருகின்றன. தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் நன்றாக இருக்கும். யாரையும் புண்படுத்த எனக்கு எண்ணம் இல்லை, உண்மையிலேயே புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பதில்: காயல் கடற்கரை

சகோ, மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். நீங்கள் அன்பில்தான் அனுப்பினீர்கள் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

நான் காயல்பட்டினம். சுன்னி, அதில் ஷாஃபி மத்ஹப், அதாவது இமாம் ஷாஃபி என்ற அறிஞரின் சட்ட வழி. முதலில் மத்ஹபைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் ஒரே மாதிரி என்று நினைத்த ஊர்ப் பள்ளிவாசலுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. வேலைக்காக நான் திண்டுக்கல்லில் கொஞ்ச காலம் இருந்தேன், அங்கே ஹனஃபி முறை. எங்கள் ஊரில் சுபுஹ் என்ற விடியற்காலைத் தொழுகையில் குனூத் என்ற துஆ (பிரார்த்தனை) ஓதுவோம், அங்கே ஓதுவதில்லை. அஸர் என்ற மாலைத் தொழுகைக்கு எங்கள் கணக்கு வேறு, அவர்கள் கணக்கு வேறு. ஒரு பொருளின் நிழல் அதன் நீளம் அளவுக்கு வந்தால் எங்களுக்கு அஸர் நேரம், இரண்டு மடங்கு வந்தால் அவர்களுக்கு. தமிழ்நாட்டில் பள்ளிவாசல் தொழுகை நேர அட்டையைப் பாருங்கள், ஷாஃபி அஸர், ஹனஃபி அஸர் என்று இரண்டு நேரம் போட்டிருப்பார்கள். இதற்காக யாரும் யாரையும் வேறு மதம் என்று சொன்னதில்லை. நானும் அங்கே அவர்கள் இமாமின் பின்னால்தான் தொழுதேன். சுன்னிகளுக்குள் இப்படி நான்கு மத்ஹப்: ஹனஃபி, மாலிகி, ஷாஃபி, ஹம்பலி. இமாம் ஷாஃபி இமாம் மாலிக்கிடம் படித்தவர், இமாம் அஹ்மத் இப்னு ஹம்பல் ஷாஃபியிடம் படித்தவர். ஆசிரியர், மாணவர் என்று ஒரு சங்கிலி அது.

சரி, சுன்னி ஷியா விஷயத்துக்கு வருகிறேன். பெயருக்குப் பின்னால் (ஸல்), (ரலி), (அலை) என்று வருவது மரியாதைக்காகச் சேர்த்துச் சொல்கிற பிரார்த்தனையின் சுருக்கம். நபி (ஸல்) 632இல் மதீனாவில் இறந்தார்கள். அடுத்து சமுதாயத்தை யார் வழிநடத்துவது என்ற கேள்வி அன்றைக்கே வந்துவிட்டது. அன்சாரிகள் என்கிற மதீனா முஸ்லிம்கள் ஒரு பந்தலில் கூடிப் பேசிக்கொண்டிருந்த இடத்துக்கு நபியின் தோழர்கள் அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) போனார்கள், பேச்சின் முடிவில் அபூபக்கருக்கு அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் கைகொடுத்து உறுதிமொழி தந்தார்கள். நபியின் மருமகனும் பெரிய தந்தையின் மகனுமான அலி (ரலி) அந்த நேரத்தில் நபியின் அடக்க வேலைகளில் இருந்தார்கள். அலிக்குத்தான் அந்த இடம் போயிருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் அன்றைக்கே இருந்தார்கள். ஷியா என்ற சொல்லே ஷீஅத்து அலி, அதாவது அலியின் அணியினர் என்பதிலிருந்து வந்ததுதான். அபூபக்கர், உமர், உஸ்மான், நான்காவதாக 656இல் அலி என்று கலீஃபாக்கள் வந்தார்கள். இந்த நால்வரையும் சுன்னிகள் நேர்வழி நின்ற கலீஃபாக்கள் என்று மதிக்கிறோம். அலி ஆட்சிக்கு வந்ததும் உள்நாட்டுப் போர்கள், கடைசியில் 661இல், இன்றைய இராக்கில் இருக்கிற கூஃபா நகரின் பள்ளிவாசலில் அவர்களை வெட்டிவிட்டார்கள்.

நீங்கள் கேட்ட நாளுக்கு வருகிறேன். அலியின் மகன், நபியின் பேரர் ஹுசைன் (ரலி). அப்பன் முஆவியாவுக்குப் பின் மகன் என்று யஸீத் ஆட்சிக்கு வந்ததை ஏற்காமல், கூஃபா மக்கள் அழைத்ததை நம்பிக் குடும்பத்தோடு புறப்பட்டார்கள். வழியில், இன்றைய இராக்கில் கர்பலா என்ற இடத்தில் யஸீதின் படை மறித்தது. பக்கத்தில் யூப்ரடீஸ் ஆறு, ஆனால் தண்ணீர் எடுக்க விடவில்லை. ஹிஜ்ரி 61, மொஹரம் 10, ஆங்கிலக் கணக்கில் 680 அக்டோபர் 10. ஹுசைனும் கூட இருந்த எழுபது சொச்சம் பேரும் கொல்லப்பட்டார்கள். கைக்குழந்தையும் அதில் உண்டு. இதைப் படிக்கும்போது எந்த முஸ்லிமுக்கும் கண் கலங்கும், சுன்னியாக இருந்தாலும்தான்.

அப்படியானால் எகிப்துக்காரர் ஏன் நோன்பு? அது கர்பலாவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வந்த பழக்கம். நபி மதீனாவுக்கு வந்தபோது அங்கிருந்த யூதர்கள் அந்த நாளில் நோன்பிருந்ததைப் பார்த்தார்கள், இறைவன் மூஸா நபியை (மோசஸை) எகிப்து மன்னன் ஃபிர்அவ்னிடமிருந்து காப்பாற்றிய நாள் என்றார்கள் யூதர்கள். மூஸாவுக்கு நாங்கள் இன்னும் நெருக்கம் என்று சொல்லித் தாமும் நோன்பு வைத்தார்கள் நபி. அந்தத் தேதியில்தான் பின்னால் கர்பலாவும் நடந்தது. ஒரே தேதியில் இரண்டு சம்பவம் இருக்கிறது, ஒருவர் ஒன்றை நினைக்கிறார், மற்றவர் இன்னொன்றை நினைக்கிறார். அந்த நோன்பு கர்பலாவைக் கொண்டாடுவதற்காக என்று சிலர் பழி போடுவார்கள். அது உண்மை இல்லை.

பதில்: ஆயிரம்விளக்கு

அண்ணா, நான் சென்னை, ஷியா குடும்பம். அண்ணா சாலையில் நீங்கள் பேருந்தில் போகும்போது பார்த்திருக்கிற ஆயிரம் விளக்கு மசூதி எங்கள் பள்ளிதான், நிறையப் பேருக்கு இது தெரியாது. மேலே எழுதியவர் நியாயமாக எழுதியிருக்கிறார், நன்றி. நான் எங்கள் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

நாங்கள் மொஹரத்தின் முதல் பத்து நாளும் மஜ்லிஸ் என்ற துக்கக் கூட்டத்தில் கூடுவோம். ஹுசைன் (அலை) அவர்களின் வரலாற்றை ஒருவர் சொல்வார், கேட்டு அழுவோம். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் எப்படி இருப்போமோ அப்படித்தான் இருப்போம், கல்யாணம் கிடையாது, புதுத்துணி கிடையாது, கறுப்பு உடுத்துவோம். பஹ்ரைனில் இது இன்னும் பெரிதாக நடக்கும், ஒன்பதும் பத்தும் அங்கே அரசு விடுமுறை. மனாமா பழைய கடைத்தெருப் பக்கம் மஅதம் என்று சொல்கிற துக்க மண்டபங்கள் இருக்கின்றன. அந்த நாட்களில் அங்கே போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் சாப்பாடும் தண்ணீரும் கொடுப்பார்கள், நீங்கள் யார் என்று கேட்க மாட்டார்கள். தாகத்தில் செத்தவர்களை நினைத்துத் தண்ணீர் கொடுப்பது எங்களுக்குப் பெரிய விஷயம்.

மண் வில்லையைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு துர்பா என்று பெயர். சஜ்தாவில், அதாவது தரையில் தலை வைத்து வணங்கும்போது, நெற்றி மண்ணின் மேல், அல்லது மண்ணில் விளைந்து உண்ணவோ உடுக்கவோ பயன்படாத பொருளின் மேல் பட வேண்டும் என்பது எங்கள் சட்டம். கம்பள விரிப்பில் அது முடியாது, அதனால் மண் வில்லை வைக்கிறோம். கர்பலா மண் என்றால் விருப்பம் அதிகம். மண்ணை வணங்குகிறோம் என்று சிலர் சொல்வது ரொம்ப வலிக்கும். மண்ணின் மேல் தலை வைத்து இறைவனைத்தான் வணங்குகிறோம், இதைத் தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த வருஷம் உங்கள் சீனியரிடம் "மஅஜூரீன்" என்று ஒரு சொல் சொல்லுங்கள். இந்தத் துக்கத்துக்கு இறைவன் உங்களுக்கு நற்கூலி தரட்டும் என்று பொருள், அந்தப் பக்கத்து ஷியாக்கள் ஒருவருக்கொருவர் சொல்வது அதுதான். வரவில்லையென்றால் கையை நெஞ்சில் வைத்துப் பேசாமல் நின்றாலே போதும்.

பதில்: ஒரே கேள்வி

எல்லாம் படித்தேன். என் கருத்து, இது வெறும் நாற்காலிச் சண்டை. 1400 வருஷத்துக்கு முன்னால் யார் பதவிக்கு வருவது என்பதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கடவுள் ஒன்று, குர்ஆன் ஒன்று, அப்புறம் என்ன பிரிவு?

பதில்: ஆயிரம்விளக்கு

அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது. தொடக்கம் தலைமையைப் பற்றித்தான், ஆனால் எங்களுக்கு இமாமத் என்பது பதவி மட்டும் இல்லை, அது ஈமானில், அதாவது அடிப்படை நம்பிக்கையில் சேர்ந்தது. எங்கள் அடிப்படை நம்பிக்கைகள் ஐந்து: இறைவன் ஒருவன், அவன் நீதியானவன், நபிமார்கள், இமாம்கள், மறுமை. இமாம் என்றால் தொழ வைக்கிறவர் என்ற பொருளில் அல்ல. நபிக்குப் பின் மார்க்கத்தைத் தவறில்லாமல் விளக்க இறைவனே நியமித்தவர். அலியில் தொடங்கிப் பன்னிரண்டு பேர், பன்னிரண்டாமவர் மஹ்தி மறைவில் இருக்கிறார், திரும்பி வருவார் என்று நம்புகிறோம். நபி தமது கடைசி ஹஜ்ஜிலிருந்து திரும்பும் வழியில் கதீர் கும் என்ற இடத்தில் அலியின் கையை உயர்த்திப் பிடித்து, நான் யாருக்கு மவ்லாவோ அலியும் அவருக்கு மவ்லா என்று சொன்னதை நாங்கள் அந்த நியமனமாக எடுத்துக்கொள்கிறோம். இதை நாற்காலி என்று சுருக்கினால் என் பாட்டியின் கண்ணீருக்கு என்ன அர்த்தம் சொல்வீர்கள்?

பதில்: காயல் கடற்கரை

சகோதரி சொல்வது சரி. கதீர் கும் செய்தி எங்கள் ஹதீஸ் (நபிமொழி) நூல்களான திர்மிதியிலும் இருக்கிறது, முஸ்னத் அஹ்மதிலும் இருக்கிறது. நபி சொன்னார்களா என்பதில் பெரிய வாதம் இல்லை, மவ்லா என்றால் என்ன என்பதில்தான் வாதம். நாங்கள் நேசத்துக்குரியவர், உதவியாளர் என்கிறோம், அவர்கள் தலைவர் என்கிறார்கள். ஒரு சொல்லை எப்படிப் படிக்கிறோம் என்பதில் எவ்வளவு தூரம் வந்துவிட்டது பாருங்கள்.

தொழுகைக்கு முன் கை கால் சுத்தம் செய்கிற ஒளுவிலும் இப்படித்தான். குர்ஆன் 5ஆம் அத்தியாயம் 6ஆம் வசனம் இருவருக்கும் ஒன்றே. முகத்தையும் கைகளையும் கழுவுங்கள், தலையைத் தடவுங்கள், அடுத்து கால்கள் என்று வருகிறது. கால்கள் என்ற சொல்லை முன்னால் வந்த கழுவுவதோடு சேர்த்தால் கால் கழுவ வேண்டும், நாங்கள் அப்படிச் செய்கிறோம். பக்கத்தில் இருக்கிற தடவுவதோடு சேர்த்தால் ஈரக்கையால் தடவினால் போதும், ஷியாக்கள் அப்படிச் செய்கிறார்கள். வசனத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

பொதுவானது எது என்று சகோ கேட்டார், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். வணக்கத்துக்குரியவன் ஒருவன், முஹம்மது இறுதி நபி, 114 அத்தியாயம் கொண்ட ஒரே குர்ஆன், கஅபாவை நோக்கித் தொழுவது, ரமலான் நோன்பு, ஜகாத் என்ற கட்டாய தர்மம், ஹஜ், மலக்குகள் (வானவர்கள்), முந்தைய நபிமார்கள், கியாமத் என்ற இறுதி நாள், சொர்க்கம், நரகம், எல்லாம் எல்லோருக்கும் ஒன்றே. ஒரு நாளில் கடமையான ரக்அத், அதாவது தொழுகையின் சுற்றுகள், 17. சுபுஹ் 2, லுஹர் 4, அஸர் 4, மஃக்ரிப் 3, இஷா 4. மனாமாவில் கேட்டாலும் கெய்ரோவில் கேட்டாலும் தெஹ்ரானில் கேட்டாலும் இதே கணக்குத்தான். ஷியாக்கள் லுஹரையும் அஸரையும், மஃக்ரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுவதால் மூன்று வேளை போலத் தெரியும், எண்ணிக்கை குறையாது. சுன்னிகளின் சஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் நூலிலேயே நபி மதீனாவில் பயமோ பயணமோ இல்லாத நேரத்தில் சேர்த்துத் தொழுததாக நபித்தோழர் இப்னு அப்பாஸ் சொன்ன ஹதீஸ் உண்டு. நாங்கள் அதை எப்போதாவது தேவைக்கு என்று வைத்துக்கொண்டோம்.

இன்னொன்று. நாங்கள் ஒவ்வொரு தொழுகையிலும் உட்கார்ந்து ஓதும் சலவாத்தில் முஹம்மது மீதும் முஹம்மதின் குடும்பத்தார் மீதும் அருள் கேட்கிறோம். ஹுசைன் அந்தக் குடும்பம்தானே. எங்கள் ஊர்களில் அசன், உசேன், பாத்திமா என்ற பெயர் இல்லாத தெரு உண்டா?

உங்கள் எகிப்து நண்பரிடம் கெய்ரோவில் இருக்கிற ஹுசைன் பள்ளிவாசலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஹுசைனின் தலை அங்கே அடங்கியிருக்கிறது என்று எகிப்து மக்கள் நம்புகிறார்கள், அங்கே போய் நிற்கிறவர்களில் பெரும்பாலோர் சுன்னிகள். அதற்கு எதிரே இருக்கிற அல் அஸ்ஹரை 10ஆம் நூற்றாண்டில் கட்டியவர்கள் அன்று எகிப்தை ஆண்ட ஃபாத்திமியர்கள், அவர்கள் ஷியாக்களில் இன்னொரு கிளையான இஸ்மாயிலிகள். இன்று அது சுன்னி உலகின் பெரிய கல்விக்கூடம். அந்த அல் அஸ்ஹரின் தலைவராக இருந்த மஹ்மூத் ஷல்தூத் 1959இல், ஷியாக்களின் ஜஅஃபரி முறைப்படி வணங்குவதும் செல்லும் என்று ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தார். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

பதில்: மஸ்கட் 22 வருஷம்

ஓமானியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். அவர் பெரும்பாலும் இபாதியாக இருப்பார். சுன்னியும் இல்லை, ஷியாவும் இல்லை, மூன்றாவது வழி. உலகத்தில் சுன்னிகள் 85 முதல் 90 சதவீதம் என்றால் மிச்சத்தில் பெரும்பகுதி ஷியா, இபாதிகள் மிகச் சிறிய கூட்டம், அதனால் வெளியே பேரே தெரியாது. ஓமானில் அரச குடும்பமே இபாதி. ஓமானை விட்டால் அல்ஜீரியாவில் மஸாப் பள்ளத்தாக்கு, துனிசியாவில் ஜெர்பா தீவு, லிபியாவில் நஃபூசா மலை, சான்சிபார், அவ்வளவுதான்.

657இல் ஸிஃப்பீன் என்ற இடத்தில் அலிக்கும் முஆவியாவுக்கும் போர் நடந்தது. நடுவர்களை வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்று அலி ஒப்புக்கொண்டதும், தீர்ப்பு இறைவனுக்கு மட்டும்தான் என்று சொல்லி ஒரு கூட்டம் அவரைவிட்டுப் பிரிந்தது. காரிஜிகள் என்று அவர்களைச் சொல்வார்கள். அவர்களில் தீவிரமானவர்கள் தங்களோடு சேராத முஸ்லிமையே கொல்லலாம் என்றார்கள், அலியைக் கொன்றவனும் அந்தக் கூட்டத்தான்தான். அதை ஏற்காமல் இராக்கின் பஸ்ராவில் அமைதியாக ஒதுங்கிப் படித்தவர்களின் வழிதான் இபாதி. ஓமானைச் சேர்ந்த ஜாபிர் இப்னு ஸைத் என்ற அறிஞரை அவர்கள் தங்கள் முதல் ஆசானாகக் கொண்டாடுகிறார்கள். இன்று இபாதியைப் பார்த்து காரிஜி என்று சொன்னால் அவர்கள் ஏற்க மாட்டார்கள், சொல்லாதீர்கள். தலைவன் நபியின் குடும்பமாகவோ நபி பிறந்த குறைஷிக் குலமாகவோ இருக்க வேண்டியதில்லை, கல்வியும் இறையச்சமும் உள்ளவரைச் சமுதாயம் தேர்ந்தெடுக்கலாம் என்பது அவர்கள் கொள்கை. நிஸ்வா நகரை மையமாக வைத்து அப்படித் தேர்ந்தெடுத்த இமாம் ஆட்சி 1950கள் வரை ஓமானின் உள்நாட்டில் இருந்தது.

தொழுகையில் கையைக் கட்ட மாட்டார்கள், குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவுக்குப் பின் ஆமீன் சொல்ல மாட்டார்கள். அப்புறம் கை தொங்குகிறதே என்று பார்த்து யாரையும் ஷியா என்று முடிவு கட்டாதீர்கள். மாலிகி சுன்னிகளிலும் மொராக்கோ, மேற்கு ஆப்பிரிக்கா பக்கம் நிறையப் பேர் அப்படித்தான் தொழுகிறார்கள். இங்கே மஸ்கட்டில் சுல்தான் காபூஸ் பெரிய பள்ளியில் இபாதி இமாம் நிற்பார், பின்னால் கேரளக்காரர், பாகிஸ்தானி, எகிப்தி என்று ஒரே வரிசையில் ஒருவர் கை நெஞ்சில், ஒருவர் கை வயிற்றில், ஒருவர் கை கீழே. 22 வருஷத்தில் நான் ஒரு வாய்த் தகராறுகூடப் பார்த்ததில்லை.

2005இல் ஜோர்டானில் அம்மான் நகரில் பல நாட்டு அறிஞர்கள் கூடி எட்டு வழிகளைப் பெயர் சொல்லி ஏற்றார்கள். நான்கு சுன்னி மத்ஹப்கள், ஜஅஃபரி, யெமனில் இருக்கிற ஸைதி ஷியா, இபாதி, ளாஹிரி என்ற இன்னொரு சட்ட வழி. இந்த வழியில் நடக்கிற யாரையும் காஃபிர் (இறைமறுப்பாளர்) என்று சொல்லக் கூடாது என்பதுதான் அதன் சாரம். திட்டுகிற வீடியோ போடுகிறவர்கள் அதைப் படித்தால் தேவலை.

கேட்டவர்: மனாமாவில் ஒருவன்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மதியம் சீனியரிடம் போய் நேராகவே மன்னிப்புக் கேட்டேன். படத்தைப் பார்த்தேன், உனக்குத் தெரியாது என்பதும் தெரியும், அந்த வாரம் யாருக்குமே பதில் போடவில்லை என்றார். அடுத்த மொஹரத்தில் அவர்கள் தெரு மஅதத்துக்கு என்னையும் கூட்டிப்போவதாகச் சொன்னார்.

இன்னும் இரண்டு சந்தேகம். சூஃபி என்பது நான்காவது பிரிவா? அடுத்து, வருகிற ரமலானில் மூவரையும் என் அறைக்கு நோன்பு திறக்கக் கூப்பிட நினைக்கிறேன், நம் ஊர்க் கஞ்சி காய்ச்சப் போகிறேன். இதில் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

பதில்: காயல் கடற்கரை

சூஃபி தனிப் பிரிவு இல்லை, உள்ளத்தைச் சுத்தப்படுத்துகிற ஒரு பாதை. நாகூர் ஆண்டவர் என்று எல்லோரும் சொல்கிற ஷாகுல் ஹமீது காதிரிய்யா பாதையில் வந்தவர், சுன்னிதான். தர்காவுக்குப் போகலாமா கூடாதா என்பது சுன்னிகளுக்குள்ளேயே பெரிய விவாதம், அதை வேறொரு நாள் பேசலாம்.

பதில்: ஆயிரம்விளக்கு

கஞ்சி அருமையான யோசனை அண்ணா. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சூரியன் மறைந்ததும் பாங்கு சொல்லும்போது எகிப்துக்காரரும் ஓமானியும் பேரீச்சம்பழம் எடுப்பார்கள். உங்கள் சீனியர் கிழக்கு வானத்தில் சிவப்பு மறைகிற வரைக்கும் பொறுப்பார், 10, 15 நிமிஷம் ஆகும். வற்புறுத்த வேண்டாம், அவருக்கான கஞ்சியை மட்டும் பாத்திரத்திலேயே மூடி வைத்திருங்கள், சூடு ஆறாது. எலும்பு போட்டுக் காய்ச்சுவதாக இருந்தால் அதில் யாருக்கும் சிக்கல் இல்லை, அங்கே கடைகளில் ஹலால் கறி சுலபமாகக் கிடைக்கும்.